மண்டியிடாத மிருகம்

லெத்தெப்ரஹான் குடத்தைச் சுனையில் சாய்த்தபோது எதிர்க்கரையில் ஒரு பாறை நடந்து வந்து தண்ணீரில் மூக்கை விட்டது. அது மூக்குதான் என்று புரியவே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. அதன் கழுத்தில் மெலிந்த ஆள் ஒருவன் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். மற்ற பெண்கள் குடங்களைப் போட்டுவிட்டு ஓடிப்போனார்கள். அவள் நின்றாள். இத்தனை பெரிய உடம்பு தண்ணீர் குடிக்கும்போது சத்தமே வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கள் ஆட்களைச் சிறைவைத்த மன்னனைத் தேடிப் பரங்கிப் படை மலையேறி வருவது ஊருக்குத் தெரிந்ததுதான். அவள் கணவன்கூடக் கோவேறு கழுதையோடு அவர்களுக்குச் சுமை இழுக்கப் போயிருந்தான். பீரங்கி சுமக்க யானை வரும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. யானை என்றால் கீழ்க்காட்டில் ஆளைக் கொல்வது. ஒருவன் ஏறி உட்கார இடம் கொடுத்தால் அது யானையே இல்லை, யானை உருவில் வந்த பேய் என்று பொழுது சாய்வதற்குள் ஊர் முடிவுகட்டிவிட்டது. பேய் வாய் வைத்த சுனைத் தண்ணீரில் இனி ஞானஸ்நானம் இல்லை என்றார் குரு, கெஷி தெஸ்ஃபு. கோடையில் அந்த மலையில் வேறு சுனை கிடையாது.

அவள் மகளுக்கு மறுநாள் எண்பதாம் நாள். பெண் குழந்தைக்கு அன்றுதான் ஞானஸ்நானம். குழந்தைக்கோ இரண்டு நாளாகக் காய்ச்சல். மூத்தவன் ஆண் குழந்தைக்குரிய நாற்பதாம் நாளுக்கு முன்பே, ஞானஸ்நானம் பெறாமலே போய்விட்டான்; கோயில் மதிலுக்கு வெளியே, கள்ளிப் புதரடியில் கிடக்கிறான். இவளையும் அங்கே வைக்க அவளால் முடியாது.

"சாமி, கழுதையும் அதுலதான குடிக்குது?"

"கழுதைய எனக்குத் தெரியும் மகளே. அது எதுன்னு தெரியலையே."

பக்கத்து வீட்டு அப்ரேஹெத் விடவில்லை. அதற்கு முழங்காலே கிடையாதாம், நின்றபடிதான் தூங்குமாம், வேட்டைக்குப் போன அவள் மாமா பார்த்தாராம். கெஷி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"கடவுள் படைச்சதெல்லாம் மண்டி போடும். பேய் போடாது."

"போட்டுச்சுன்னா?"

"நான் என் கண்ணால பாக்கணும்."

அவர் கண்ணில் பூ விழுந்து வெகுநாளாயிற்று. ஆட்களை நடையை வைத்துத்தான் அடையாளம் காண்பார்.

விடிந்ததும் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு படை தங்கிய களத்துமேட்டுக்குப் போனாள். கிட்ட வர மாட்டேன் என்று கெஷி கோயில் குன்றிலேயே நின்றுகொண்டார். யானைகள் வைக்கோல் தின்றபடி நின்றன. அவள் ஒரு யானையின் முன்காலை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். நடுவில் தோல் தேன் சுமக்கும் பழைய பை போல மடிந்து மடிந்து தொங்கியது. உள்ளே மூட்டு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பாதத்தின் விளிம்பில் நகங்கள் இருந்தன, கிழவனின் கால் நகங்களைப் போல. பேய்க்கு எதற்கு நகம்?

சுனையில் அதன் கழுத்தில் உட்கார்ந்திருந்த பாகன் பக்கத்தில் நின்றான்; அவனிடம் கேட்க இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. அவள் மண்ணில் மண்டியிட்டாள். அவன் பதறி, தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினான். அவள் தலையசைத்து மறுத்தாள். எழுந்து யானையைக் காட்டினாள், மறுபடி மண்டியிட்டாள். தூரத்தில் பெண்கள் சிரித்தார்கள்.

"ஏண்டி, அதையே கும்பிட ஆரம்பிச்சிட்டியா?" என்று அப்ரேஹெத் கத்தினாள்.

பாகன் அவளையும் முதுகிலிருந்த குழந்தையையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு யானையின் காதருகே போய் ஒரே ஒரு சொல் சொன்னான். தோல் மடிப்புகளுக்குள் ஏதோ அசைந்தது. முதலில் ஒரு கால், அப்புறம் இன்னொன்று. மலையின் ஒரு பக்கம் இறங்குவது போல அது அவளுக்கு எதிரே இறங்கியது. அது விட்ட மூச்சில் புழுதி கிளம்பி, குழந்தை தும்மியது.

பெண்களின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் முகத்துக்கு நேராக ஈரமான ஒரு சின்னக் கண். இவள் எதற்காக மண்டியிட்டிருக்கிறாள் என்று அதுவும் யோசிப்பது போலிருந்தது. லெத்தெப்ரஹான் மெல்லத் திரும்பிக் குன்றைப் பார்த்தாள். உச்சியில் நின்ற கெஷியின் வெள்ளைத் தலைப்பாகை அதே இடத்தில் தரையை ஒட்டித் தாழ்ந்திருந்தது. நிற்க முடியாமல் உட்கார்ந்தாரா, மண்டியிட்டாரா, அங்கிருந்து தெரியவில்லை.