பிரஸ் சத்தத்தில் பழகிய இங்கிலீஷ்

"மை நேம் இஸ் ஜெகதாம்பாள்" என்று அவள் மூன்றாவது தடவையாக ஆரம்பித்ததும் மேனேஜர் பார்த்தசாரதி மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் இருந்த அக்கவுண்டன்ட் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காபி கொண்டுவந்தவன்கூடப் பல்லைக் காட்டினான். ஜெகதாம்பாளுக்குக் காது மடல் கொதித்தது.

சிரிக்கும்படி அவள் என்ன செய்துவிட்டாள்? காட்டுப்பாக்கத்தில் ஒரு டியூஷன் மாஸ்டர் எழுதிக் கொடுத்த நாற்பது வரியை ஒரு புள்ளி விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு போனாள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கினார்கள். மழை நாள், பசு மாடு என்று கட்டுரை கட்டுரையாக உருப்போட்டுத்தான் பிளஸ் டூவில் இங்கிலீஷில் நூற்றுமுப்பத்தாறு மார்க் வாங்கினாள். அந்த மனுஷனோ மூன்றாவது வரியில் கையைக் காட்டி நிறுத்தி, நீ பெஞ்சில் என்ன வேலை செய்கிறாய் என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டார். பாதியில் நின்ற கேசட்டைப் போல, மறுபடி முதலிலிருந்து சுற்றுவதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

இதெல்லாம் நடந்தது தொண்ணூற்றொன்றாம் வருஷம், அம்பத்தூர் எஸ்டேட்டில், லாரிக்கு வாஷர் அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில். ஜெகதாம்பாள் ஆறு வருஷமாக அங்கே வாஷர் சோதிப்பவள். நூம்பலில் இருந்து வேலப்பன்சாவடிக்கு நடந்துவந்து பஸ் பிடித்து, காலை எட்டு மணிக்குப் பெஞ்சில் உட்கார்ந்தாளானால், ஒரு வாஷரின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டியே அது தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவாள். அளவுக் கருவி பிறகுதான். அவள் சொன்னதை இங்கிலீஷில் எழுதி, 'இன்ஸ்பெக்டர்' என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் உலகநாதன். அவர் துபாய்க்குப் போய்விட்டார். அந்த நாற்காலிதான் இப்போது காலி. வாஷர் வாங்கும் கம்பெனி சார்பில் மாதம் ஒருமுறை சரக்கைப் பார்க்க வரும் பூனாக்காரருக்குத் தமிழ் தெரியாது. அதனால் இங்கிலீஷ் பேசத் தெரிந்தால்தான் நாற்காலி.

"மூணு மாசம் டைம் தரேன். அதுக்குள்ள பேச வந்தா சரி. இல்லேன்னா வெளியிலேர்ந்து ஒரு டிப்ளமா பையனைப் போட்டுடுவேன்" என்றார் பார்த்தசாரதி. டைம் தந்தது தயவு தாட்சண்யத்தால் இல்லை. டிப்ளமா பையன் இரண்டு பங்கு சம்பளம் கேட்பான்.

அன்றைக்கே ஊர்முழுக்க அவளுக்குக் குருமார்கள் முளைத்தார்கள். தினம் இங்கிலீஷ் பேப்பர் படி என்றார் ஒருவர். வாங்கினாள். முதல் பக்கத்தில் முதல் பத்தியைத் தாண்டுவதற்குள் பஸ் எஸ்டேட்டுக்கு வந்துவிட்டது. பேப்பர் கடைசியில் அலமாரித் தட்டில் விரிப்பாயிற்று. இங்கிலீஷ் பேசுகிறவர்களோடு பழகு என்றார் இன்னொருவர். நூம்பலில் யாரோடு போய்ப் பழகுவது? இங்கிலீஷிலேயே யோசி என்றார் டியூஷன் மாஸ்டர். பசித்தால் பசிக்கிறது என்றுதானே அய்யா தோன்றுகிறது! சொல்வது சுலபம்; சொன்னவர்களில் ஒருத்தருக்காவது வாயைத் திறந்து நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசத் தைரியம் இருந்ததா என்றால், அதுதான் கிடையாது.

அவளுக்குத் தைரியம் வந்தது பூனாக்காரரால். அடுத்த முறை அவர் வந்தபோது ஜெகதாம்பாள் பெஞ்சை விட்டு நகராமல் அவரையே கவனித்தாள். மனிதர் பேசும்போது வார்த்தைக்கு முட்டிக்கொண்டு நின்றார். "வோ... வோ... வாட் இஸ் கால்டு..." என்று விரலைச் சொடுக்கினார். வராவிட்டால் ஹிந்தியில் ஒன்றைப் போட்டுக் கையால் வட்டம் வரைந்து காட்டிவிட்டு, வெட்கமில்லாமல் அடுத்ததற்குப் போனார். பார்த்தசாரதி ஒவ்வொன்றுக்கும் பயபக்தியோடு தலையாட்டினார்.

மதியம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தவள் சாப்பிடாமல் சொன்னாள். "அக்கா, அந்தாளு முட்டிகினு நின்னா தலைய ஆட்டுறாங்க. நான் முட்டிகினு நின்னா சிரிக்கிறாங்க. இன்னா நாயம் இது?"

எதிர்ப் பெஞ்சுத் தாயம்மா ஊறுகாயை எடுத்து அவள் சோற்றில் வைத்தாள். "அவுரு ஆர்டர் குடுக்குறவரு. நாம துன்னுட்டு வேலையப் பாக்குறவங்க. துன்னு."

ஜெகதாம்பாள் தின்றாள். ஆனால் கோபம் செரிக்கவில்லை. நாற்பது வரித் தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் ஒரு காரியம் செய்தாள். அந்த ஷெட்டில், தகட்டைப் பஞ்ச்சால் குத்தி வாஷராக வெட்டும் பவர் பிரஸ் நான்கு ஓடும். ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை சொல்லக் காதருகே போய்க் கத்த வேண்டும்; எல்லாருக்கும் கைஜாடைதான். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்துகொண்டு ஜெகதாம்பாள் தொண்டையைத் திறந்து இங்கிலீஷ் பேசினாள். கை எதைச் செய்கிறதோ அதை வாய் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "ஐ டேக் ஒன் வாஷர். ஐ சீ ஹோல். ஹோல் குட். எட்ஜ் பேட். ஐ த்ரோ." தமிழில் நினைத்து, அதை மாற்றி, பிறகு பேசுவதற்கு நேரம் எங்கே இருக்கிறது? நிமிஷத்துக்குப் பதினைந்து வாஷர். தப்பா சரியா என்று பார்ப்பதற்குள் அடுத்தது கைக்கு வந்துவிடும். உதடு அசைவதைப் பார்த்த தாயம்மா, இவள் அம்மனுக்கு ஏதோ வேண்டிக்கொண்டு மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை குங்குமம் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. ஒருநாள் பதினோரு மணிக்கு அவள் ஒரு தட்டு முழுக்க வாஷர் விளிம்பில் பிசிறு கண்டு, உண்மையிலேயே ஆத்திரம் வந்து, "திஸ் ஒன் பேட்! திஸ் ஒன் வெரி பேட்! ஊ மேட் திஸ்?" என்று கூவிய அந்த விநாடியில் கரண்ட் போனது. நான்கு பிரஸ்ஸும் அப்படியே நின்றன. முப்பது பேர் இருக்கிற ஷெட்டில் 'ஊ மேட் திஸ்' மட்டும் தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது.

பிரஸ் ஆபரேட்டர் மதுரைவீரன்தான் முதலில் சிரித்தான். அந்தத் தட்டு அவன் அடித்தது. "மாமே, ஷெட்டுக்குள்ள வெள்ளைக்காரி பூந்துட்டாடா! இன்னா மேடம், ஊட்ல எல்லாம் சௌக்கியமா?" ஷெட்டே விழுந்து விழுந்து சிரித்தது. தாயம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெகதாம்பாளுக்கு எழுந்து கழிப்பறைக்கு ஓடிவிடலாம் என்று இருந்தது. இன்றைக்கு ஓடினால் இந்த ஜென்மத்துக்கும் வாய் திறக்காது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அடுத்த வாஷரை எடுத்தாள்.

"திஸ் ஒன் ஆல்சோ பேட்" என்றாள், முன்னைவிட உரக்க.

மறுபடி சிரித்தார்கள். அவள் அடுத்ததை எடுத்தாள். கரண்ட் வர நாற்பது நிமிஷம் ஆனது. நாற்பது நிமிஷமும் அவள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பத்து நிமிஷம் வரை சிரித்தார்கள். பிறகு ஒரே விஷயத்துக்கு எவ்வளவுதான் சிரிப்பது? சிரிப்புக்கும் மூச்சு வாங்குமே! அரை மணி நேரத்தில் மதுரைவீரனே பீடியை அணைத்துவிட்டு அவள் பெஞ்சருகே வந்து நின்றான்.

"ஏம்மா, நெசமாவே அவ்ளோ பிசிறா கீது?"

"தொட்டுப் பாரு அண்ணாத்தே. பஞ்ச்சு மழுங்கிப் போச்சு. ரெண்டு நாளுக்கு ஒருக்கா சாணை புடிக்கணும்ல?"

"நான் இன்னா செய்யட்டும்? நாலு நாளா கேட்டுகினு கீறேன். டார்கெட்டு டார்கெட்டுன்னு மேனேஜரு கயட்டவே உட மாட்டேன்றாரு" என்றான் அவன். அப்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

அந்தச் சனிக்கிழமை பூனாக்காரர் வந்தார். இன்டர்வியூ தனியாக வேண்டாம், அவர் முன்னாலேயே இவள் பேசுவதைப் பார்த்துவிடலாம் என்று பார்த்தசாரதி அவரை நேரே பெஞ்சுக்கு அழைத்து வந்தார். சத்தம் வேண்டாம் என்று பிரஸ்ஸை நிறுத்தச் சொன்னார். வேலையில்லாத முப்பது பேரும் இங்கேயே பார்த்தார்கள்.

பூனாக்காரர் தட்டில் கைவிட்டு நாலு வாஷரை எடுத்து ஜெகதாம்பாளைப் பார்த்துக் கேட்டார். "திஸ் மன்த் ரிஜெக்‌ஷன் டூ மச். ஒய்?"

அவள் வாய் திறப்பதற்குள் பார்த்தசாரதி ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் ஓடுவதைப் போல இங்கிலீஷ். அதில் 'ஷீட்', 'ஹார்ட்', 'சப்ளையர்' என்ற மூன்று வார்த்தை அவளுக்குப் பிடிபட்டது. தகடு சரியில்லையாம், பழி தகடு கொடுத்தவன் தலையில். பச்சைப் பொய். பல்லைக் கடித்துக்கொண்டு 'யெஸ் சார்' என்று சொன்னால் நாற்காலி கிடைக்கும் என்று தெரியாத அளவுக்கு அவள் அசடு இல்லை. ஆனாலும் ஆறு வருஷமாக அவள் விரல் கண்டுபிடித்ததெல்லாம் இன்னொருத்தர் வாயில் வந்துகொண்டிருந்தது. இன்றைக்குக் கேள்வி அவளைப் பார்த்து வந்திருக்கிறது. இதையும் விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை.

"சார், ஹி ஆஸ்க் மீ" என்றாள்.

பார்த்தசாரதி பேச்சை நிறுத்தித் திரும்பினார்.

"ஹி ஆஸ்க் மீ. ஐ டெல்." பூனாக்காரர் பக்கம் திரும்பினாள். "ஷீட் குட் சார். பஞ்ச் நாட் குட். டூ டேஸ், க்ரைண்டிங் வேண்ட்டட். நவ் சிக்ஸ் டேஸ், நோ க்ரைண்டிங். மெஷின் ரன், ரன், ரன். பஞ்ச்..." மழுங்கல் என்பதற்கு வார்த்தை வரவில்லை. நின்றாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வாஷரை எடுத்து அவர் கையில் வைத்து, "யூ டச்" என்றாள்.

அவர் கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். "அச்சா! ப்ளன்ட்! பஞ்ச் இஸ் ப்ளன்ட்!"

"யெஸ் சார். ப்ளன்ட்."

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். பிறகு அவளிடம் இன்னும் ஆறேழு கேள்வி கேட்டார். இரண்டு கேள்வி அவளுக்குப் புரியவில்லை. "அகெய்ன் சார்" என்றாள். அவரும் அலுத்துக்கொள்ளாமல் மறுபடி சொன்னார். பார்த்தசாரதி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கார் கிளம்பியதும் அவளை அறைக்குக் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது.

"மானத்தை வாங்கிட்டே. ஒரு சென்டென்ஸ், ஒரே ஒரு சென்டென்ஸ் ஒழுங்கா பேசினியா?"

"இல்ல சார். ஒண்ணுகூட ஒயுங்கு இல்ல. அவுருக்குப் புரிஞ்சிதா இல்லியா, அத்த சொல்லுங்க."

"உலகநாதன் ரிப்போர்ட் எப்படி எழுதுவான் தெரியுமா உனக்கு? ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது."

"தெரியும் சார். அவுரு எழுதுனது பூரா நான் சொன்னது" என்றாள் ஜெகதாம்பாள். "இனிமே நானே சொல்லிக்கிறேன்."

பார்த்தசாரதி டைப்பிஸ்டைக் கூப்பிட மணியை அழுத்தினார். "இன்ஸ்பெக்டர் வேலைக்கு ஆர்டர் ஒண்ணு டைப் பண்ணணும். பேர், ஜெகதாம்பாள்" என்றார் வந்தவரிடம்.