முன்னால் நிற்க ஓர் ஆள்

ஹெட்லைட் பல்பு மாற்றும் நாளில் என் கணவர் காருக்குள் உட்கார்ந்து சுவிட்சைப் போடுவார். நான் முன்னால் நின்று, "எரியுது" என்பேன். அவர் இறந்தபிறகு, நான் உள்ளே உட்கார்ந்தால் அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அதனால் சுவிட்சை முதலிலேயே போட்டுவிட்டு வந்து, புது பல்புகளை மாட்டினேன். எரிந்தால் நானே பார்த்துக்கொள்ளலாமே! இரண்டும் எரியவில்லை.

எரிச்சலோடு, கம்பம் டவுனில் பல்பு விற்ற கடைக்காரத் தம்பிக்குப் போன் போட்டேன்.

"சுவிட்ச் ஆன்ல இருக்கயிலயா மாட்டுனீக? வயர் பாடியில உரசி பியூஸ் போயிருக்கும். ஏங்க்கா அப்பிடிப் பண்ணுனீக?"

"தெரியாமத்தான்" என்றேன். காரணம் அவனுக்கு எதற்கு?

அவன் சொன்ன இடத்தில் கருகிய பியூஸைப் பிடுங்கிவிட்டு, பியூஸ் பெட்டியிலேயே கிடந்த புதியதைச் செருகினேன்.

"இப்ப உள்ள உக்காந்து சுவிட்சப் போடுங்க. அண்ணன முன்னால நிக்கச் சொல்லி, ரெண்டும் எரியுதான்னு கேளுங்க."

போட்டேன். எதிரே, திராட்சைத் தோட்டத்துச் சுவரில் இரண்டு வெளிச்ச வட்டங்கள் விழுந்தன. நடுவில் வெறும் சுவர்.

"என்னக்கா, அண்ணன் என்ன சொல்றாக?"

"ரெண்டும் எரியுதுன்னு சொல்றாக."