கரையில் கவிழ்ந்த படகு

விடிய இன்னும் நேரமிருந்தது. மீன் கொட்டகையின் ஈரத் தரையில் பதினாலு பெண்கள் குந்தி உட்கார்ந்து, ஐஸில் புதைந்த மீனை ரகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐஸும் உப்பும் வருஷக்கணக்கில் தின்று, அவர்கள் விரல்களில் ரேகையே இல்லை. மேசைமேல் இருந்த ரேகைக் கருவி அவர்கள் விரலைக் கண்டாலே சிவப்பு விளக்கெரித்துத் துரத்தும். அதனால் பதிவேட்டில் அவர்கள் ஆளே இல்லை என்பது முதலாளி வைத்த சட்டம்.

லேபிள்காரியின் விரலை மட்டும் அது ஏற்றுக்கொண்டது. அவள் வந்து நாலு மாதம்தான். எந்தப் படகு, எங்கே, எப்போது பிடித்தது என்று பதிந்து, விரல் வைத்து, பெட்டிக்குப் பெட்டி லேபிள் ஒட்டுவாள். வாங்குகிறவன் லேபிளில் போனைக் காட்டினால் மீனின் பூர்வீகமே வந்துவிடும். திருட்டு மீனை ஒழிக்க வந்த ஏற்பாடு அது.

அன்று லாரியில் வந்ததெல்லாம் வயிறு புடைத்த சினை மீன். பெரிய இழுவைப் படகுகளுக்குத் தடை போட்டிருந்த மாதம் அது. சின்னப் படகுக்கு மட்டுமே அனுமதி; இதுவோ இழுவைப் படகு திருட்டுத்தனமாக அள்ளிய மூணு டன்.

கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி முதலாளி வந்தார். மீனில் சம்பாதிக்கும் மகானுக்கு மீன் நாற்றம் ஆகாது. அவர் அறைக் கதவில் 'கடல் நம் தாய்' என்று பலகை வேறு.

"இந்தப் படகு நம்பர்ல ஏத்திடும்மா." தன் கையால் எழுதிய சீட்டை லேபிள்காரியிடம் நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள்.

"ஐயா, இது எங்கண்ணன் படகு. அடிப்பலகை பேந்து ரெண்டு மாசமா கரையில கவுந்து கிடக்கு."

"கம்ப்யூட்டர் கரைக்கு வந்து பாக்குமா?"

"கவுந்த படகு மூணு டன் பிடிச்சுதுன்னு எப்படிங்க எழுதறது? மாட்டினா அண்ணன் லைசென்ஸ் போயிடும். விரல் என்னுது, நான் உள்ள போவேன்."

"எல்லாம் நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொள்ளும் அழகு ஊரறிந்தது. ஐஸ் உடைக்கும் மெஷினில் கை போனவளை ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு முறை, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பார்த்தார். பதிவேட்டில் இல்லாதவளுக்கு அதற்குமேல் எதற்கு? இன்று அவள் ஒற்றைக் கையால் மீன் பிரிக்கிறாள்.

லேபிள்காரியின் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இந்த வேலையைத்தான் நம்பியிருந்தார்கள். ஆனாலும் சீட்டை இடுப்பில் செருகி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வைக்க மாட்டேங்க."

"அப்ப வெளிய போ. வேற ஆளா இல்ல? ஏய், நீ வா!"

ஆத்திரத்தில் தன் சட்டமே அவருக்கு மறந்துவிட்டது. ஒருத்தி வந்து விரல் வைத்தாள். சிவப்பு. அடுத்தவள். சிவப்பு. ஐந்தாவது ஆளுக்கும் சிவப்பு எரிந்தபோது யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு கொட்டகையே சிரித்தது.

"நாங்கதான் ஆளே இல்லையே ஐயா" என்றாள் ஒற்றைக் கைக்காரி. "திருட்டு மீனுக்கு மட்டும் எங்க விரல் வேணுமா?"

"நீங்க எல்லாரும் வெளிய போக வேண்டியிருக்கும்!"

"நீங்க எதுக்கு சிரமப்படறீங்க? நாங்களே போறோம். மீனை நீங்களே பிரிச்சுக்கோங்க. கைக்குட்டை இருக்குல்ல."

பதினாலு பேரும் எழுந்தார்கள். லேபிள்காரியை நடுவில் விட்டு, நேரே கரைக்கு நடந்து, கவிழ்ந்த படகைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதலாளியின் சீட்டு அவள் இடுப்பில் பத்திரமாக இருந்தது. மீன்துறை அதிகாரி வருவாரா, வந்தாலும் யார் பக்கம் நிற்பார் என்று யாருக்கும் தெரியாது. லேபிள்காரி போனை எடுத்து அவரைக் கூப்பிட்டாள்.

"சார், மூணு டன் பிடிச்சுதுன்னு எழுதச் சொன்ன படகு இங்க கவுந்து கிடக்கு. வந்து கண்ணால பாருங்க. நீங்க வர்ற வரைக்கும் பதினஞ்சு பேரும் இங்கயேதான் இருப்போம்."