அண்ணனுக்கு ஒரு நாகூர்க் கடிதம்

தேரடித் தெரு மாடியில் இருந்த டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு எண்பத்தெட்டில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதைத் தொட அனுமதி இரண்டே பேருக்குத்தான்: முதலாளி சின்னசாமிக்கும், அவரிடம் வேலை பார்த்த நசீம் பானுவுக்கும். நசீமுக்குத் தலைகால் புரியவில்லை. பம்பாயில் இருக்கும் அண்ணன் ஹபீபுக்கு அதிலேயே ஒரு கடிதம் அடித்து அனுப்பி அசத்திவிட வேண்டும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா பீபி ஜானையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

விஷயம், போன மாதம் குடும்பத்தோடு நாகூர் தர்காவுக்குப் போய்வந்தது. மெஷினுக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழை அடித்தாள். அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, விட்டுப்போனதை எடுத்துக்கொடுத்தாள். ஹபீப் பேரை மட்டும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாமல் அவன் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு நாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அம்மாவுக்கு அவனோடு பேச்சுவார்த்தை இல்லை. வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

சிதம்பரத்தில் பஸ் பஞ்சரானது, சித்தி செருப்பைத் தொலைத்தது எல்லாம் ஆயிற்று. கடற்கரையில் அரை மணி நேரம் அம்மாவைக் காணாமல் எல்லாரும் தேடிய இடம் வந்தது. எங்கே போனாய் என்று அன்றைக்கு எத்தனை பேர் கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை. இப்போது தானாகச் சொன்னாள்.

“ஒருத்தன் போனான்டி. முதுகு அப்படியே ஹபீபு மாதிரி. பின்னாலயே போயிட்டேன். திரும்பினான், வேற யாரோ.”

நசீம் மூச்சு விடாமல் அடித்தாள். பாராவுக்கு ஒரு தரம் சேவ் பண்ண வேண்டும் என்பது சின்னசாமியின் கட்டளை. பண்ணினால் ஃபிளாப்பி கரகரவென்று கத்தும். அந்தச் சத்தத்தில் அம்மா பேச்சை நிறுத்திவிட்டால்? அடிக்கிற மும்முரத்தில் அதுவரை சேவ் பண்ண மறந்திருந்தாள்; இப்போதோ நசீமின் கை அந்தப் பக்கமே போகவில்லை.

“வரச் சொல்லு அவனை,” என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் வந்தது. ஒரு நொடிதான். ஃபேன்கூட நிற்கவில்லை. கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து, தானே மறுபடி எழுந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கறுப்புத் திரையோடு உட்கார்ந்திருந்தது. ஃபிளாப்பியில் தேடினாள். ஒரு வரிகூட இல்லை. நசீமுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“இன்னாடி ஆச்சு?”

“எல்லாம் போச்சும்மா. முதல்லேர்ந்து அடிக்கணும்.”

“நான் சொன்னதுமா?”

“அதுவுந்தான்.”

பஸ்ஸும் செருப்பும் மறுபடி வந்தன. இந்தத் தடவை வரிக்கு வரி சேவ் பண்ணினாள். கடற்கரை வந்ததும், “கூட்டத்துல தொலைஞ்சிட்டேன்னு போடு,” என்றாள் அம்மா.

“அந்த ஆளு?”

“எந்த ஆளு? அவ்ளோதான், முடிடி.”

நசீமுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அம்மா மேலா, கரண்ட் மேலா, தன் மேலேயேவா என்று தெரியவில்லை. நாலு வருஷம் கழித்து வந்த ஒரு வார்த்தை; அதைப் பிடித்து வைக்கத் துப்பில்லை. கடைசியில் தானாகவே ஒரு வரி சேர்த்தாள். பிரிண்ட் எடுத்து, திட்டு விழும் என்று தெரிந்தே, முழுதும் படித்துக் காட்டினாள். கடைசி வரி: “அம்மா உன்னை வரச் சொன்னாங்க.”

அம்மா காகிதத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“அரைகுறையா போட்டிருக்கிறியே. அவன் பொண்டாட்டியையும் கூட்டிக்கினு வரச் சொல்லுன்னுதான சொன்னேன்?”

அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. “ஆமாம்மா, நான்தான் விட்டுட்டேன்,” என்று சொல்லிவிட்டு நசீம் மறுபடி மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.