முக்காட்டில் கருவட்டம்

சிப்பாய்கள் மலையேறி வருகிற சேதி எட்டியபோது செக்குரா ஊற்றடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னவள் பக்கத்து வீட்டு மெல்ஹா. ஒரு அத்திமரச் சண்டையில் இருவரும் முகம் கொடுத்துப் பேசி மூன்று வருஷமாகியிருந்தது.

"அடியே, நெத்தியில இருக்கறதக் கழட்டு!"

செக்குராவின் கை தானாக மேலே போனது. முக்காட்டின் முன்புறம் குத்தியிருந்தது உள்ளங்கை அகல வெள்ளி வில்லை. நீலமும் பச்சையும் பூசி, நடுவில் பவளம் பதித்தது. அந்த மலையில் பெண்ணைப் பெற்றவள் அதை மார்பில் குத்துவாள். ஆண்பிள்ளை பெற்றவளுக்குத்தான் நெற்றி. அரெஸ்கி பிறந்த ஏழாம் நாள் ஏறியது, பத்தொன்பது வருஷமாக இறங்கவில்லை.

"பிள்ளைய வாரிக்குடுத்தவதான் கழட்டுவா. நான் மாட்டேன்."

"கழட்டலைன்னா இன்னிக்கே வாரிக்குடுப்ப. அவங்களுக்குப் பேச்சை மாத்திச் சொல்ற துபாஷி நம்ம மலைச்சனம். நெத்தியில வில்லையப் பார்த்ததும் புரிஞ்சுக்குவான்."

அரெஸ்கி அந்நியரை எதிர்த்துக் காட்டில் துப்பாக்கியோடு இருந்தான். அவன் பிறந்ததைப் பதிவு செய்ய அப்பன் போகவேயில்லை. பிறகு கடல் தாண்டிச் சுரங்க வேலைக்குப் போய் அங்கேயே இறந்தும் போனான். சர்க்கார் ஏட்டில் செக்குராவுக்கு இரண்டு பெண்கள், அவ்வளவுதான். காட்டிக்கொடுக்க இருந்தது அந்த வில்லை ஒன்றே.

ஊசியை உருவி வில்லையைக் கழற்றினாள். பிசுமில்லா சொல்லி மார்பில் குத்திக்கொண்டாள்.

காட்டிலிருப்பவர்களின் தாய்மாரைப் பிடிக்க, பள்ளிவாசல் முற்றத்தில் பெண்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கேப்டன் ஏட்டைப் புரட்ட, துபாஷி ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டு வந்தான். முப்பது வயதிருக்கும், பேச்சில் எதிர்மலைக்காரன் என்று தெரிந்தது.

"உனக்கு எத்தனை பிள்ளைங்கக்கா?"

"ரெண்டு பொண்ணு."

அவன் அவள் மார்பிலிருந்த வில்லையைப் பார்த்தான். பிறகு பார்வை மேலேறி அங்கேயே நின்றது. வெயிலில் வெளிறிப்போன கறுப்பு முக்காட்டில், நெற்றிக்கு நேரே வட்டமாக ஒரு இடம் மட்டும் புதுக்கறுப்பாக இருந்தது. நடுவில் ஊசி போன துளைகள். செக்குராவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இது என்ன வட்டம்?"

"அது என் முக்காடுய்யா!" வரிசையிலிருந்து மெல்ஹா கத்தினாள். "இவ என் வீட்டுல எதைத்தான் விட்டுவெச்சா? சல்லடைய வாங்கிட்டுப் போனா, வரலை. முக்காடும் அப்படித்தான். எனக்கு ரெட்டை ஆம்பளப் பசங்க, ஊரையே கேளு!"

கேப்டன் ஏட்டிலிருந்து தலை தூக்கி ஏதோ அதட்டினான். துபாஷி மெல்ஹாவிடம் கை நீட்டினான்.

"உன் வில்லையக் குடு."

அதை வாங்கி செக்குராவின் நெற்றியில் வைத்து அழுத்தினான். மெல்ஹாவுடையது சிறியது. சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு மிஞ்சியது. அவன் மூச்சு செக்குராவின் முகத்தில் பட்டது. கண்ணை மூடினால் மாட்டிக்கொள்வோம் என்று அவன் சட்டைப் பொத்தானையே வெறித்தாள். அவன் முதுகு கேப்டனுக்கு வட்டத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

துபாஷி திரும்பாமலே அந்நிய பாஷையில் இரண்டு வார்த்தை சொன்னான். கேப்டன் ஏட்டில் கோடு கிழித்துவிட்டு நகர்ந்தான்.

வில்லையை மெல்ஹாவின் கையில் வைத்தபடி துபாஷி தாழ்ந்த குரலில், "துணியச் சாயத்துல முக்கி எடுக்கச் சொல்லு," என்றான். செக்குராவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று வேறு இரண்டு பெண்களைக் கொண்டுபோனார்கள். ஒருத்தி திரும்பவேயில்லை. வண்டிச் சத்தம் அடங்கியதும் செக்குரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிடி, எல்லாரும் பார்க்கறாங்க," என்று மெல்ஹா அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

மூடுபனி இறங்கிய ஒரு மத்தியானம் அரெஸ்கி ரொட்டி வாங்கிப்போக வந்தான். வாசலைத் தாண்டியவன் அம்மாவின் வெறும் நெற்றியைக் கண்டு நின்றுவிட்டான். அந்த வீட்டின் ஒரே ஆண்பிள்ளை அவன்தான்.

"என்னம்மா இது? நான் செத்துட்டேன்னு யாராவது சொன்னாங்களா?"

"நான்தான்டா சொன்னேன்," என்றாள் செக்குரா. சுட்ட ரொட்டியை அவன் முன்னால் வைத்தாள். "உக்காரு. சூடா இருக்கும்போதே சாப்பிடு."