பச்சைத் தண்ணீருக்கு ரோஸ் கண்ணாடி

வெள்ளத்துரை கோதண்டத்துக்குத் தர வேண்டியது இருபத்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய். தண்ணீருக்கடியில் படம் பிடிக்கும் கேமரா ஒன்றைப் பழசாக எடுப்பதற்கு வாங்கிய கடன். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் அடியில் முங்கி, துருவையும் வெடிப்பையும் படம் பிடித்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. வருகிற கூலி வீட்டுக்கே பற்றாது.

எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளியே கோதண்டத்தின் ஃபைபர் படகு கவிழ்ந்தது. இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். மகன் பொன்ராஜ் வரவில்லை. தேடப்போன படகுகள் வெறுங்கையோடு திரும்பிய பிறகு, கோதண்டம் வெள்ளத்துரையின் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“துரை, எம் புள்ள உடம்ப எட்த்துக் குடு. துட்ட மறந்துட்றேன்.”

“இப்போ இன்னாத்துக்குண்ணா துட்டுப் பேச்சு?”

“கொள்ளி வெக்காம எப்டிடா படுக்கறது நானு?”

பொன்ராஜின் அம்மா பவுனம்மாள் ஒன்றே ஒன்று சொன்னாள். “செவப்பு பனியன் நைனா. கண்ணப் பறிக்கிற செவப்பு. நாந்தான் எம்.சி. ரோட்ல எட்த்தாந்தேன்.”

அந்தச் சொல்லைக் காதில் வைத்துக்கொண்டே முங்கினான். ஆறு பாகம், முப்பத்தாறு அடி ஆழம். பச்சைத் தண்ணீர், அதில் அனல்மின் நிலையத்துச் சாம்பல். டார்ச் அடித்தால் சாம்பல்தான் வெள்ளையாக மூஞ்சியில் திருப்பி அடிக்கும், அணைத்துவிட்டான். கவிழ்ந்த படகுக்குப் பக்கத்தில், வலைச் சுருளுக்குள் ஏதோ கறுப்புத் துணி. சிவப்பு இல்லை. விட்டுவிட்டு மேலே வந்தான்.

கீழே பிடித்த படத்தைக் கேமராவில் பார்த்தால் ஒரே இருட்டு. போன வாரம் ஆழ்கடலில், நீலத் தண்ணீர் வேலைக்கு மாட்டிய சிவப்புக் கண்ணாடி லென்ஸின் மேல் அப்படியே இருந்தது. தண்ணீர் தின்ற நிறத்தைப் படத்தில் மீட்டுக் கொடுக்கிற கண்ணாடி. எண்ணூரின் பச்சைக்கு ரோஸ் கண்ணாடிதான் போட வேண்டும்; அது வீட்டில் கிடந்தது. சிவப்பைப் போட்டால் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது தின்றுவிடும்.

“இன்னாபா, அமாவாசைய புட்சாந்துக்கீற?” என்றான் படகோட்டி ஜெரி.

மறுநாளிலிருந்து கடல் பேஜார். இரண்டு நாள் யாரும் இறங்க முடியவில்லை.

அலை தணிந்ததும் ரோஸ் கண்ணாடி மாட்டி, அதே இடத்தைப் பிடித்து வந்தான். வெயிலுக்குத் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்தான். வலைச் சுருளுக்குள் சிவப்பு.

ஆழத்தில் முதலில் சாகிற நிறம் சிவப்பு. கண்ணுக்குக் கறுப்பாகத்தான் தெரியும். பத்து வருஷம் துருவைப் படம் பிடித்தவனுக்கு இது தெரியாதா? கீழே கண்ணை நம்பாதே, மேலே வந்து படத்தைப் பார் என்பதுதானே அவன் தொழில். பெற்றவள் சொன்ன சிவப்பைத் தேடிக்கொண்டு போய், கண்ணை நம்பிவிட்டான்.

மறுபடி இறங்கி, வலையை அறுத்துத் தூக்கி வந்தான். பனியன் இருந்தது. முகத்தை நண்டு விட்டுவைக்கவில்லை.

கரையில் மூடிய துணியை விலக்கப் போன பவுனம்மாளைப் பெண்கள் இழுத்துப் பிடித்தார்கள். “மூஞ்சியக் காட்டுங்கடி!” என்று அவள் மணலில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளத்துரையால் தாங்க முடியவில்லை. “அண்ணா, மொத நாளே பாத்தேன். கறுப்புன்னு வுட்டுட்டேன்.”

கோதண்டம் அவன் பக்கம் திரும்பினான்.

“அப்போ மூஞ்சி இருந்துச்சா?”

“வலைய பிரிச்சிப் பாக்கலண்ணா. இருந்திருக்கும்.”

“சொன்னது சொன்னதுதான்டா. துட்டு வேணாம். கணக்கு தீந்துச்சி. சுடுகாட்டுக்கு மட்டும் வராத.”