பத்தில் ஒரு கோப்பை

ஜவாஹிருக்கு மூன்று வாரமாகப் பின்னேரங்களில் காய்ச்சல் வந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு குளிரும். பொழுதுபட்டு மஃரிபுக்குள் உடுத்த சாரம் நனைய வியர்க்கும். காலையில் ஒன்றும் நடக்காதது போல எழும்பி உப்பளத்துக்குப் போவார். ஆசுபத்திரியில் நோயாளிகளுக்குத் துண்டு எழுதுபவர், "என்ன தொழில்?" என்று கேட்டார். "உப்பளம்," என்றார் ஜவாஹிர். டெங்கு பார்த்தார்கள், இல்லை. உப்பளம் என்றதால் எலிக்காய்ச்சலும் பார்த்தார்கள். அதுவும் இல்லை.

மூன்றாம் முறை போனபோது புதிதாக ஒரு டொக்டர் இருந்தார், இளம் பெண். பழைய துண்டுகளை வரிசையாக அடுக்கிவிட்டு, "வீட்டில மிருகம் ஏதும் இரிக்கா?" என்றார்.

"பூனையொண்டு."

"ஆடு, மாடு?"

"ஆடு ஆறு இரிக்கி."

"அத நீங்க சொல்லல்லையே."

"தொழிலத்தானே கேட்டாங்க."

மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்த நாள்முதல் அவருக்கு உப்பளம்தான் தொழில். ஆடுகள் வீட்டு வளவில் சும்மா நிற்பவை.

டொக்டர் கேட்கக் கேட்க மீதியும் வந்தது. நோன்புக்கு முன்பு கறுப்பாடு குறைமாதத்தில் இரண்டு செத்த குட்டி போட்டது. வெறுங்கையால் இழுத்தெடுத்தவர் அவர்தான். பாலைக் காய்ச்சுவதில்லை, காய்ச்சினால் சத்துப் போய்விடும். கறந்த சூட்டோடு குடிப்பார்.

"வேற ஆர் குடிக்கிறது?"

"மகள். ஏழு மாசம். பேறுக்கு வந்து பத்து நாள். ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பை நானே குடுக்கிறன்."

டொக்டர் பேனையை வைத்தார். ஆட்டுக்குக் குட்டியை விழுத்துகிற கிருமி பாலிலும் வரும் என்றார். இவருடைய காய்ச்சலும் அதுவாக இருக்கலாம். வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. நன்றாகக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும். குரலை உயர்த்தவில்லை. இவருக்கு இரத்தம் எடுத்தார்கள். மகளையும் கூட்டிவரச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தவர் சைக்கிளைச் சாத்தாமலே விட்டதால் அது விழுந்தது. மகள் றிஸ்மினா கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பால் எத்தின கோப்பை குடிச்ச, மகள்?"

"எல்லாம் குடிச்சன் வாப்பா. ஒரு சொட்டு மிச்சம் வைக்கல்ல."

அவர் படியில் இருந்து, டொக்டர் சொன்னதை ஒழுங்காகச் சொல்லி முடித்தார். றிஸ்மினா வாசலில் நின்ற உம்மாவைப் பார்த்தாள். பிறகு முற்றத்து முருங்கையைப் பார்த்தாள்.

"ஏசக்கூடாது வாப்பா. மொத நாள் மட்டும்தான் குடிச்சன். ஆட்டு வீச்சம் வயித்தப் பிரட்டிச்சு. மத்த நாளெல்லாம் முருங்கைக்கு ஊத்தினன்."

"அதான் மரம் இப்பிடித் தளச்சிரிக்கி," என்றாள் மனைவி சித்தி ஸுலைஹா. "மகள்ட வாப்பா சொன்ன மாதிரி சத்துள்ள பால்தான்."

ஜவாஹிர் சிரிக்கவில்லை. பத்திலிருந்து ஒன்பதைக் கழித்துக்கொண்டிருந்தார். எப்படிக் கழித்தாலும் ஒன்று மிஞ்சியது.

மறுநாள் காலை மகளை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனார். துண்டு எழுதுபவர் பெயரைக் கேட்டார்.

"ஆடு வளக்கிற வீடு," என்றார் ஜவாஹிர்.

"இன்னும் அத நான் கேக்கல்லையே."

"பரவாயில்ல. எழுதுங்க."